எந்தப் போருங்க மேடம்?

விஷயம் தெரிந்து யோசனை சொல்பவர்களால் யாருக்கும் பெரிய ஆபத்தில்லை. நேற்றுத் தெரிந்துகொண்டதை இன்று யோசனையாகச் சொல்பவர்களைக் கண்டால்தான் ஓடிவிட வேண்டும். நான் இரண்டாவது ரகம். கல்லூரியில் மாணவர் நலப் பொறுப்பை என்னிடம் கொடுத்த முதல் மாதத்திலேயே, படிக்க வேண்டிய ஒரு பையனைப் பை கட்டி லாரி ஏற வைத்தவள்.

அப்போது திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வளர்ந்தது சேலம் சூரமங்கலத்தில், ரயில்வே குவார்ட்டர்ஸில். அந்தப் பொறுப்பு மற்ற எல்லோரும் வேண்டாமென்று தள்ளிய பிறகு என் தலையில் கட்டப்பட்டது (இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது). மூன்று நாள் பயிற்சியும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் முழுக்க ஒரே பாடம்: இந்தக் காலத்துப் பிள்ளைகளின் தலையாய பிரச்சினை சலிப்பு. அதற்குப் பயந்து ஓடினால் செல்போனில் போய் விழுவார்கள். அதனோடு உட்கார்ந்து பழகச் சொல்லுங்கள், இருபத்தோரு நாளில் படிக்கிற பழக்கம் தானாக வந்துவிடும். இதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டுக் கொண்டுவந்தேன். அடுத்து எந்த மாணவன் சலிப்போடு சிக்குவான் என்று காத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை எல்லா வகுப்புக்கும் ஒரு படிவம் கொடுத்தேன். 'இப்போது உங்கள் மனதை அதிகம் வாட்டுவது எது?' என்பது முதல் கேள்வி. பெரும்பாலோர் 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தார்கள். ஒரு பெண் 'ஹாஸ்டல் சாம்பார்' என்று எழுதியிருந்தாள். இரண்டாம் ஆண்டு கவின் மட்டும் ஒரே வார்த்தை எழுதியிருந்தான்: போர்.

கவினுக்கு மூன்று அரியர். கடைசி பெஞ்சில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கும் பையன். சலிப்போடு ஒருவன் சிக்கிவிட்டான் என்று உடனே கூப்பிட்டு உட்கார வைத்து, எத்தனை நாளாக இந்தப் போர் என்று கேட்டேன்.

"அப்பா ரெண்டு வருசமாச் சொல்லீட்டே இருக்காருங்க மேடம்."

அப்பாவே கண்டுபிடித்துவிட்டாரா, விவரமான மனிதர்தான் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்றும் கேட்டேன்.

"அப்பா, பெரியப்பா, மாமா அல்லாருமே போருதானுங்க."

'பரம்பரைச் சலிப்பு' என்று நோட்டில் எழுதினேன். இது பயிற்சியில் வராத விஷயம். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லலாம் என்று மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன். அதை நினைத்தால் என்ன செய்கிறது என்றேன். பயமாக இருக்கிறது, புத்தகத்தைத் திறந்தால் அதே ஞாபகம்தான் வருகிறது என்றான். சலிப்புக்கு யாராவது பயப்படுவார்களா என்று ஒரு கேள்வி எனக்குள் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. அப்பாவை வரச் சொல் என்று மட்டும் சொன்னேன்.

இந்த இடத்தில் உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டிதான் அந்த வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. வண்டி சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று கிளம்பினால் திரும்ப மாதக் கணக்காகும். கவின் பயந்தது அந்தப் போருக்கு. சேலத்துக்காரிக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அன்றைக்கு என் தலைக்குள் சிவப்பு மை தவிர வேறெதற்கும் இடமில்லை.

மறுநாள் கவின் பரிசோதனைக் கூடத்தில் இருந்த நேரம் பார்த்து அவன் அப்பா வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, காய்ப்பேறிய கைகள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பையன் ஏதோ தப்புப் பண்ணிவிட்டான் என்ற பயம் முகத்தில் தெரிந்தது. நான் தைரியம் சொன்னேன்.

"கவினுக்குப் போர்தாங்க பிரச்சினை. ஆனா போருக்குப் பயந்து ஓடக் கூடாது. போரோட இருந்து பழகினா மனசு தெளிஞ்சிரும்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நானும் அதையேதானுங்க சொல்றேன். இவங்கம்மாதான் படிக்கட்டும் படிக்கட்டும்னு உட மாட்டீங்கறா. எத்தனை நாளுங்க பழகோணும்?"

"குறைஞ்சது இருபத்தோரு நாள்."

"இருபத்தோரு நாளெல்லாம் பத்தாதுங்க மேடம். ஒரு ட்ரிப்பு போனா மூணு மாசமாயிரும்."

குடும்பத்தோடு சுற்றுலா போகப் போகிறார்கள் என்று நான் நினைத்தேன். இடமாற்றம் மனசுக்கு நல்லது, தாராளமாகப் போய்வரட்டும் என்றேன். (வருகைப் பதிவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். இதை என் கணவரிடம்கூட ரொம்ப நாள் மறைத்து வைத்திருந்தேன்.) அவர் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டு, "வாரேனுங்க மேடம்" என்று சொல்லிப் போனார். நான் சிகிச்சை வெற்றி என்று காபி குடிக்கப் போனேன்.

அடுத்த நாள் காலை கவின் வகுப்பில் இல்லை. அவன் வகுப்புப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து, "மேடம், கவினைப் போர் வண்டிக்கு அனுப்பச் சொன்னீங்களாமா? பத்தரைக்குப் பூஜை போட்டுக் கிளம்பறாங்களாமாங்க" என்றாள்.

பத்து மணி ஆகியிருந்தது. மூன்று மாதம் போனால் அந்தப் பருவத்துப் பரீட்சை போய்விடும், அதற்குப் பிறகு அவன் திரும்பி வரவே மாட்டான் என்பது ஒரு நொடியில் விளங்கியது. ஸ்கூட்டரை எடுத்தேன். வழியில் இரண்டு பேரிடம் விசாரித்து வண்டி நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்தபோது தேங்காய் உடைத்தாகிவிட்டது, கற்பூரம் காட்டியாகிவிட்டது, டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. மேலே கேபினில் கவின் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்ததில் பிரேக் பிடிக்க மறந்தேன். போர் வண்டி ஏற வேண்டிய எலுமிச்சம்பழத்தின் மேல் என் ஸ்கூட்டர் ஏறி நின்றது.

பத்துப் பன்னிரண்டு பேர் நசுங்கிய பழத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கவினின் அப்பாதான் மரியாதை விடாமல், வழியனுப்ப வந்தீர்களா என்று கேட்டார்.

"இல்லீங்க. தப்பு நடந்து போச்சு. நான் சொன்னது வேற போருங்க."

"எந்தப் போருங்க மேடம்?"

டிரைவர், ட்ரில்லர், மெக்கானிக், பூசாரி எல்லோர் முன்னாலும், 'போர் அடிக்கிறது' என்பதில் வரும் போரைத்தான் சொன்னேன் என்று விளக்கினேன். பரம்பரைச் சலிப்பு என்று நோட்டில் எழுதியதையும் ஒப்புக்கொண்டேன். முதலில் பூசாரி சிரித்தார். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கேபினுக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து கேட்டார்.

"அப்ப உனக்கு என்னதான் வேணும் சாமி?"

கவின் மடியிலிருந்த பையைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்: "படிக்கோணுங்கப்பா. எப்பக் கூப்புடுவீங்களோ, எப்பக் கூப்புடுவீங்களோன்னு இருக்கறதுல ஒண்ணுமே தலைல நிக்க மாட்டீங்குது."

"இதை ரெண்டு வருசமா வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? அரியராப் போட்டுட்டு வந்தா, படிக்கப் புடிக்கலையாட்ட இருக்குதுன்னுதானே நான் நெனச்சேன். எறங்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்திலா சந்தோஷத்திலா என்று இன்றைக்கும் தெரியவில்லை. பழம் நசுங்கியதால் அன்றைய பயணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, மறுநாள் கவின் இல்லாமல் வண்டி கிளம்பியது.

அதன்பிறகு நான் செய்தது மிகச் சாதாரணமான வேலை. தினமும் வகுப்பு முடிந்ததும் ஒரு காலி அறையில் நாற்பது நிமிடம் கவினோடு உட்கார்ந்தேன். அவன் படித்தான், நான் விடைத்தாள் திருத்தினேன். யோசனை எதுவும் சொல்லவில்லை (சொல்ல வேண்டாம் என்று அவனே கேட்டுக்கொண்டான்). ஒரு வாரத்தில் அந்த வகுப்புப் பெண் வந்து சேர்ந்தாள். மாதக் கடைசியில் பெஞ்சு போதவில்லை. அந்த நாற்பது நிமிடத்துக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'போர்'.

மூன்று அரியரும் ஒரே பருவத்தில் முடிந்தன. முடிவு வந்த அன்று கவின் ஓடி வந்து, வாசலிலேயே நின்று, "மேடம், தண்ணி வந்துருச்சுங்க" என்றான்.

இன்றைக்கும் வீட்டில் நான் வாய் தவறிப் போர் அடிக்கிறது என்று சொன்னால், என் கணவர் செய்தித்தாளை இறக்காமலே "எத்தனை அடிக்கு?" என்கிறார். கல்லூரியில் அரியர் முடிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் கவின் சொன்னதையே வந்து சொல்கிறது. போன மாதம் ஒரு பெண் அதை வராந்தாவில் சத்தமாகச் சொல்ல, புதிதாக வந்திருக்கும் முதல்வர் அதைக் கேட்டு, தொட்டி நிறைப்பதற்கு மோட்டார் போடச் சொல்லி ஆள் அனுப்பினார். நான் விளக்கம் சொல்லப் போகவில்லை.