நெவிலுக்குக் குளிராது

சிவப்பு விளக்கு மறுபடியும் கண் சிமிட்டியது.

தலையில் குல்லாய், கழுத்தில் கம்பளித் துண்டு, கையில் ஆறிப்போன டீ என்று டிரெவர் தன் புது பாய்லரின் முன்னால் நின்றார். மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பார்க்க வெள்ளை வெளேரென்று லட்சணமாகத்தான் இருந்தது. அதிகாலையில் ஒழுங்காக ஓடும். காலை டீ முடிவதற்குள் பிரஷர் முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்துவிடும். அதோடு, அறைக்கு அறை சுவரோரம் நின்று வெந்நீரால் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் எல்லாம் சில்லிட்டுப் போகும்.

"பதறாத மோரீன். உள்ள தண்ணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

"நேத்தும் இதையேதான் சொன்ன," என்றார் மனைவி மோரீன், கோட்டைக் கழற்றாமலே ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி. வெண்ணெய் கல்லாக இருந்தது, ரொட்டிதான் கிழிந்தது. "ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்த வீடு சூடாகலேன்னா நான் ஸ்கார்பரோவுக்குக் கெளம்பிடுவேன். வசந்தம் வர்ற வரைக்கும் அக்கா வீட்டுலதான். நாயையும் கூட்டிட்டுப் போறேன்."

நாயையும் என்றதும்தான் டிரெவருக்கு நிலைமை உறைத்தது. மோரீன் வெறும் வாய்ப்பேச்சுக்காரர் இல்லை. அவர் இல்லாத வீட்டில் ஒரு குளிர்காலமா? டிரெவர் டீயை வைத்துவிட்டுக் குனிந்தார்.

பாய்லருக்கு அடியில் தண்ணீர் நிரப்ப ஒரு சின்னக் குழாய் உண்டு. தினமும் கொஞ்சம் திறப்பதற்குப் பதில் இன்று தாராளமாகத் திறந்துவிட்டால் ஒரு வாரத்துக்குத் தாங்குமே என்று கணக்குப் போட்டார். முள் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. பாய்லருக்குள் ஏதோ 'டொக்' என்றது. வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருந்த குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டது. அதன் அடியில்தான் மோரீன் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள்தான் சலூனுக்குப் போய் முடியைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அதற்குப் பிறகு அவர் பேசியதை இங்கே எழுத முடியாது.

இந்தக் கூத்தைத் தோட்டத்துச் சுவருக்கு மேலே முழங்கையை ஊன்றி ஒருவர் ரசித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு நெவில். அக்டோபர் கடைசியில் அரைக்கைச் சட்டை!

"என்ன டிரெவர், அதுக்குள்ள ஹீட்டிங் போட்டாச்சா?"

வட இங்கிலாந்தில், எங்கள் ஹாலிஃபாக்ஸில் இது சாதாரணக் கேள்வி அல்ல. நவம்பர் பிறப்பதற்கு முன் ஹீட்டிங்கைத் தொட்டவன் மனுஷனே இல்லை என்பது இந்த மலைச்சரிவின் சட்டம். இவர்கள் இருவருக்குள் வருஷா வருஷம் போட்டி வேறு. முதலில் பாய்லரைப் போட்டவர் இரண்டு வீட்டுக் கூரையோர மழைநீர்த் தகரங்களிலும் அடைத்த இலையை வார வேண்டும். வருஷா வருஷம் ஏணியில் ஏறுவது டிரெவர்தான்.

"புது பாய்லர்ப்பா. சோதிச்சுப் பாக்கிறேன்."

"சோதனையா! போன வருஷம் நாய்க்குச் சளின்ன. அதுக்கு முந்தி மோரீனுக்கு முழங்கால் வலின்ன. உடம்பைப் பழக்கணும்யா. என்னைப் பாரு, ஜனவரியிலகூட நான் ஸ்விட்ச்சைத் தொடுறதில்ல."

"உனக்குத் தோலா, யானைத் தோலா?"

"மனசு, டிரெவர்! எல்லாம் மனசுதான்!"

டிரெவர் பல்லைக் கடித்தார். குளிரில் அது ஏற்கெனவே தானாகக் கடித்துக்கொண்டுதான் இருந்தது.

மெக்கானிக் டேரன் வந்தான். பாய்லரைத் திறந்தான், தட்டினான், முகர்ந்தான். ஏதோ ஒரு பாகத்தை மாற்றினான். மறுநாள் சிவப்பு விளக்கு. மறுபடி வந்து இன்னொரு பாகத்தை மாற்றினான். மறுபடி சிவப்பு விளக்கு.

"அண்ணே, பாய்லர் தங்கம். தண்ணிதான் எங்கியோ வெளிய போகுது."

"பழைய பாய்லர் இருந்தப்போ போகலையே?"

"போயிருக்கும், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அதுக்குக் கூரைக்கடியில ஒரு தொட்டி இருந்துச்சு. குறையக் குறைய அது பாட்டுக்கு நிரப்பிக்கிட்டிருந்துச்சு. இதுக்குத் தொட்டி கிடையாது. போனது போனதுதான். தரைக்கடியில எங்கியோ ஒழுகுதுண்ணே."

அவன் சொல்லிவிட்டுப் போய்விட்டான். டிரெவர் கடப்பாரையை எடுத்துவிட்டார்.

வரவேற்பறைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். அந்தக் காலத்தில் மில் முதலாளி ஒருவர் கட்டிய பெரிய வீட்டை, நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியவைதான் இவர் வீடும் நெவில் வீடும். அடியில் குழாய்கள் இஷ்டத்துக்கு ஓடின. ஒன்று வளைந்தது, ஒன்று சுவருக்குள் நுழைந்து காணாமல் போனது. ஒரு ஒற்றைச் செருப்பு கிடைத்தது. ஈரம் மட்டும் ஒரு சொட்டு இல்லை.

நிம்மதியாகப் பலகைகளைத் திரும்ப அடித்தார். கடைசி ஆணி நேராகக் குழாயில் இறங்கியது.

டேரன் திரும்ப வந்தபோது கூடத்தில் நாய் நீந்தாத குறை.

"அண்ணே," என்றான் அவன் மெதுவாக, "இப்ப நிஜமாவே ஒழுகுது."

அந்த ஓட்டையை அடைத்து, தண்ணீர் நிரப்பி, வெப்பத்தை உச்சத்தில் வைத்துவிட்டுப் போனான். ஞாயிறு காலை டிரெவர் எழுந்தபோது வீடு இட்லிப் பானையாக இருந்தது. டீ முடிந்தது. முள் அசையவில்லை! மோரீன் கோட்டைக் கழற்றினார். டிரெவர் குல்லாயை மேலே வீசிப் பிடித்தார். ஸ்கார்பரோவுக்குக் கட்டியிருந்த பெட்டியிலிருந்து இரண்டு கம்பளிச் சட்டைகள் அலமாரிக்குத் திரும்பின.

சுவருக்கு அந்தப் பக்கம் நெவிலும் அவர் மனைவி மேவிஸும் தேவாலயத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு என்னமா புழுங்குது! ஜன்னலையே திறந்து வெச்சுட்டேன்," என்றார் நெவில்.

புல்லெல்லாம் உறைபனி. வரவர இந்த ஆளின் அலட்டல் தாங்கவில்லை என்று டிரெவர் நினைத்துக்கொண்டார்.

தேவாலயம் முடிந்து ஊர் வீடு திரும்பியது. மோரீன் அடுப்பில் மாட்டிறைச்சியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது.

இரண்டு கம்பளிச் சட்டைகளும் பெட்டிக்குத் திரும்பின. அக்காவுக்கு ஒரு போன். "அத்தான் காரோட வர்றாராம். அதுவரைக்கும் மேவிஸ் வீட்டுல உக்காந்திருக்கேன். இங்க உக்காந்தா விறைச்சுப் போவேன்." நாய் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் அவர் பின்னாலேயே போனது.

டிரெவர் இறைச்சி வேகும் அடுப்பின் முன்னால் கொஞ்ச நேரம் கையைச் சூடுகாட்டிக்கொண்டு நின்றார். பிறகு மோரீன் மறந்துவிட்டுப் போன கையுறையைச் சாக்காக வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

நெவிலின் முன்னறையில் கால் வைத்ததும் மூக்குக்கண்ணாடி பனித்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால், மோரீன் கோட்டில்லாமல், கன்னம் சிவக்க உட்கார்ந்திருந்தார். நாய் மல்லாந்து கிடந்தது.

"மாட்டிக்கிட்டியா!" என்று டிரெவர் துள்ளினார். "திருட்டுப்பய! ஹீட்டிங் போட்டிருக்க! இந்த வருஷம் ஏணியில நீதான் ஏறணும்!"

நெவிலின் முகம் சுருங்கியது. "என் அம்மா மேல சத்தியம் டிரெவர். வா, காட்டுறேன்."

சமையலறைக்குக் கூட்டிப்போய் பாய்லர் அலமாரியைத் திறந்தார். உள்ளே வரிசையாக ஊறுகாய் ஜாடிகள். பாய்லரைக் காணோம்.

"தேவையில்லன்னு எப்பவோ கழட்டிப் போட்டாச்சு. குளிக்க மின்சார ஷவர் இருக்கு. நான்தான் சொன்னேனே, எல்லாம் மனசுதான்."

டிரெவர் முன்னறைக்குத் திரும்பி வந்தார். மோரீன் முகத்தில் அப்படியொரு நிம்மதியைப் பார்த்து நாளாகிவிட்டது. தோற்றாயிற்று. பாய்லரிடமும் நெவிலிடமும் ஒரே நாளில். "மன்னிச்சிரு மோரீன்," என்றார். "என்னால ஒரு வீட்டைச் சூடாக்க முடியல."

மோரீன் நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தார். டிரெவர் நடுச்சுவரில் சாய்ந்து உட்காரப் போனார்.

"அங்க வேணாம் டிரெவர், சுட்டுடும், கொஞ்சம் தள்ளு," என்று சொல்லிக்கொண்டே மேவிஸ் கையில் ஒரு குட்டிப் பித்தளைச் சாவியும் பெரிய ஜாடியுமாக வந்து சுவரோரம் குனிந்தார். "தினம் காலையில டீ குடிச்சதும், ஞாயித்துக்கிழமைன்னா சர்ச்சுல இருந்து வந்ததும், இதைத் திறந்து ஒரு ஜாடி தண்ணி எடுத்துடுவேன், இல்லேன்னா கடகடன்னு சத்தம் போடும், பாய்லரே இல்லாத வீட்டுல இந்த ஒரு ரேடியேட்டர் மட்டும் இத்தனை வருஷமா தானா சுடுது பாரேன், அதுவும் நீங்க புதுசு மாட்டினதுல இருந்து கையே வைக்க முடியல!"