இருபதாவது கிழவர்

"பத்தொம்பது பேர்தான் இருக்காங்க! இருபதாவது கிழவன் எங்கே?" ஒலிபெருக்கியில் கத்தினார் டைரக்டர் ஹாலரன்.

உதவி டைரக்டர் ஒரெஸ்தேவுக்கு வியர்த்தது. பைபிள் படம்; மோசே மலைமேல் போயிருக்கும் சமயம் பார்த்து ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைக் கும்பிடுகிற காட்சி. இருபதாவது கிழவருக்கோ வயிற்றுப்போக்கு. ரோம் வெயிலில் அமெரிக்கரான ஹாலரனுக்கு நிதானம் அரைமணி நேரம்கூடத் தாங்காது.

ஸ்டூடியோ வாசலோரம் பழைய கோட்டும் கைத்தடியுமாக ஒரு பெரியவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரெஸ்தே அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

"ஐயோ தம்பி, நான் சும்மா பார்க்க வந்தவன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு வர்றாங்க. கோட்டைக் கழட்டுங்க."

தாடி ஒட்டி, அங்கி மாட்டி நிறுத்தினால், பெரியவர் விறைத்துக்கொண்டார்.

"மாட்டைக் கும்பிடறதா? நானா? உசுரே போனாலும் நடக்காது!"

"சரி, கும்பிட வேண்டாம். ஆடுங்க."

"ஆடத் தெரியாதே!"

கூச்சம் தெளியட்டும் என்று ஒரெஸ்தே ஒரு குவளை ஒயின் கொடுத்தான். இரண்டாவதைப் பெரியவர் கேட்டு வாங்கினார். மூன்றாவதைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார்.

அப்புறம் அவரை நிறுத்த ஆளில்லை. நடனப் பெண்களின் நடுவே புகுந்து சுழன்றதில் கைத்தடி பட்டுக் கன்றுக்குட்டியின் முன்னங்கால் முறிந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஒரெஸ்தே கன்றின் வயிற்றுக்கடியில் ஊர்ந்துபோய் முதுகால் முட்டுக்கொடுத்தான். அதே நேரம் பெரியவர் தாவி மாட்டின்மேல் ஏறினார். பிளாஸ்டர் தெய்வம் நாலு காலையும் பரப்பிக்கொண்டு ஒரெஸ்தேவின் மேலேயே உட்கார்ந்தது.

"கட்!"

வேலை போச்சு என்று நினைத்தபடி அவன் இடிபாட்டிலிருந்து தலையை நீட்டினான்.

"அற்புதம்! பாவம்னா இப்படி ரசிச்சுப் பண்ணணும்!" என்றார் ஹாலரன். "நாளைக்கு வேற மாடு. அந்தக் கிழவன் முகத்தைக் கிட்டக்க எடுக்கணும். அவன் வரலேன்னா நீயும் வராதே."

ஒரெஸ்தே ஓடினான். அங்கி மட்டும் ஆணியில் தொங்கியது. பெயரோ விலாசமோ யாருக்கும் தெரியவில்லை.

"பாடிக்கிட்டே டிராம்ல ஏறிட்டாருப்பா," என்றான் காவல்காரன். "தாடியோடதான் போனாரு."

ஒரெஸ்தே தலையில் கைவைத்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். அலுவலக ஜன்னலில் டெலிபோன்காரி நீவெஸ் எட்டிப் பார்த்தாள்.

"ஒரெஸ்தே! பிஷப் மாளிகையிலேருந்து போன். இந்தப் படத்தைத் தடை பண்ணலாமான்னு வேவு பார்க்க பிஷப்பே மாறுவேஷத்துல வந்தாராமே? அவர் கேக்கச் சொன்னாராம், நாளைக்கு மாட்டைச் சுத்தி ஆட எத்தனை மணிக்கு வரணும்னு!"