ஒற்றைக் காலுறையும் மூன்று சலவையும்

கடகடகட... ஊஊம்... கடகடகட... டொம்!

ரேமண்ட் கண்ணைத் திறக்காமலே எண்ணினான். இன்றைக்கு இது மூன்றாவது தடவை. மணி காலை பதினொன்றுகூட ஆகவில்லை.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்கு இரவெல்லாம் காவல் இருந்துவிட்டு வருகிறவனுக்குப் பகலில் தூக்கம் என்பது மழைக்காலத்தில் துணி காய்கிற மாதிரி. காய்ந்தால் காய்ந்தது. ரேமண்டுக்குப் பத்து வருஷமாய் ஈரம்தான்.

நேற்று லிஃப்டில் கீழ்வீட்டுத் தங்கராஜு அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, வீட்ல டோபி கடை தொறந்துட்டீங்களா?"

"இல்லண்ணே, ஏன்?"

"ஒரு நாளைக்கு மூணு வாட்டி ஓடுது லா உங்க மெஷினு. என் வீட்டு காத்தாடி சுவிட்ச் போடாமலே சுத்துது. கரண்டு மிச்சம்."

வீட்டில் இருப்பது நாலு பேர். அதில் இரண்டு பேர் பள்ளி விடுமுறையில் பாதி நேரம் சட்டையே போடுவதில்லை. மூன்று சலவைக்குத் துணி ஏது? ரேமண்ட் எழுந்து பூனை நடை நடந்தான்.

பின்பக்க பால்கனிக் கதவு சாத்தியிருந்தது. அதில் ஒரு அட்டை: 'மம்மி துணி துவைக்கிறாங்க. தட்டக்கூடாது.' பக்கத்துக் கண்ணாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

பிரிஸில்லா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஜெபமாலை. மூடிய கண். கல்யாணப் படத்தில்கூட அவன் பார்த்திராத சாந்தமான முகம். மெஷினுக்குள்ளே அவனுடைய காலுறை ஒன்று, ஒன்றே ஒன்று, உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமா மாதிரி தனியாகச் சுழன்றுகொண்டிருந்தது.

புரிந்துவிட்டது. முதல் சலவை நிஜம். மற்ற இரண்டும் அவளுடைய கோவில்!

கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கடகடப்பு சுவர் வழியாக அவன் உடம்பில் ஏறியது. நின்றபடியே தூங்கிப்போனான். நாலு நிமிஷம். நெற்றி கண்ணாடியில் இடித்ததும்தான் விழித்தான். நல்லவேளை, அவள் கண் திறக்கவில்லை. பத்து வருஷத்தில் இவ்வளவு நல்ல தூக்கம் அவனுக்குக் கிடைத்ததில்லை. அந்தப் பால்கனியை எப்படியாவது பிடித்துவிட வேண்டும்!

மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டே காயை நகர்த்தினான்.

"பிரிஸி, நீ ரொம்ப களைச்சுப் போய்ட்ட."

"என்னங்க, காய்ச்சலா?"

"இனிமே துணி வேலை மொத்தமும் என்னோடது."

"வேணாங்க. நைட் சிப்ட் பாத்துட்டு வர்ற மனுஷன்."

"பரவால்ல லா. துவைக்கிறது, காயப்போடறது, மடிக்கிறது. எல்லாம் நானே. கதவ சாத்திக்கிட்டு."

"கதவ எதுக்குங்க சாத்தணும்?"

"சத்தம். பிள்ளைங்களுக்கு ஆவாது."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "உங்க இஷ்டம். மாதா துணையிருக்கட்டும்."

பாசாரில் கீரைக்கட்டுக்கே அரை மணி நேரம் பேரம் பேசுகிறவள். இரண்டே வார்த்தையில் இறங்கி வந்தாள். அப்போதே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை தலையணையோடு பால்கனிக்குப் போனான். காலுறையை மெஷினில் போட்டு ஓட்டினான். கதவைச் சாத்தினான். கண்ணை மூடினான்.

டக் டக்.

"டாடி, மம்மி இந்த டவலெல்லாம் குடுக்கச் சொன்னாங்க." மூத்தவன் டெரிக்.

அடுத்து படுக்கை விரிப்பு வந்தது. அடுத்து ஹாலில் தொங்கிய திரைச்சீலை வந்தது. அதன் பின்னால் சின்னவள் லீனா வந்தாள்.

"டாடி, மெஷின் உள்ள மீன் வளக்கலாமா?"

"போர்டப் பாக்கலியா? தட்டக்கூடாதுன்னு போட்டிருக்குல்ல?"

"அதுல மம்மின்னு போட்டிருக்கு," என்றான் டெரிக். "நீங்க டாடி."

"போய் மம்மிகிட்ட கேளுங்க!"

"முடியாது. மம்மி உங்க ரூம்ல இருக்காங்க."

"கதவத் தட்டு!"

பிள்ளைகள் இரண்டு பேரும் ஓரடி பின்வாங்கினார்கள். "பகல்ல அந்தக் கதவத் தட்டுனா ரோத்தான் பெரம்பால அடி விழும்னு நீங்கதான சொன்னீங்க?"

ரேமண்ட் ஓடினான். கறுப்புத் திரை போட்ட, பிள்ளைகள் நெருங்காத, வீட்டிலேயே அமைதியான அறை. அவனுடைய அறை. மெதுவாகத் தட்டினான்.

"பிரிஸி... நான் எட்டிப் பாத்தது உனக்குத் தெரியுமா?"

"நெத்தி இடிச்ச சத்தம் தங்கராஜு அண்ணனுக்கே கேட்டிருக்கும்ங்க."

"அப்ப அந்த ஒத்தக் காலுறை?"

"மூணு வாரமா சுத்துது. என்னைக்காவது வந்து பாத்து இந்த எடத்துக்கு ஆசப்படுவீங்கன்னு முகத்த அப்படி வச்சிருந்து கழுத்தே புடிச்சுக்கிச்சு."

"பால்கனியில ஜெபம் பண்ணலியா நீ?"

"அந்த கடகடப்புல மாதாவுக்கு என்ன கேக்கும்?" பிறகு குரல் தாழ்ந்தது. "ஏழு வருஷமாச்சுங்க, நான் ஒரு ஜெபமாலை முழுசா சொல்லி. எப்பவும் பாதியில யாராவது அழுவாங்க. இன்னைக்கு இன்னும் பத்து முத்துதான் பாக்கி."

மறுபடி தட்டத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டான். உள்ளே முணுமுணுப்பு. ஒன்று, இரண்டு... பத்து. அப்புறம் சத்தமில்லை. அப்புறம் மெலிதாக, சீராக, ஒரு குறட்டை.

பால்கனியில் மெஷின் பீப் பீப் என்று கூப்பிட்டது. ரேமண்ட் போய் ஈர விரிப்பை எடுத்து, சத்தம் வராமல் உதறி, கொடியில் போட்டான். இன்னும் இரண்டு வாளித் துணி இருந்தது.