என் இடுப்பில் இருந்த அரசியின் குரல்

ஒரு கருவியைப் பற்றி ஒன்றுமே தெரியாதவரால் பெரிய ஆபத்து வருவதில்லை. அவர் அதைத் தொடவே மாட்டார். ஆபத்தெல்லாம் அதைப் பற்றி இரண்டு யூடியூப் வீடியோ பார்த்தவரால்தான் வரும். நான் மூன்று பார்த்திருந்தேன்.

அப்போது எனக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. பொங்கோலில் மாமியார் வீட்டிலேயே குடியிருந்தோம். என் மாமியார் புஷ்பா, பல வருடம் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் பானக்கடை நடத்தியவர். கடையை விட்டதும் மற்றவர்களைப் போல முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பிக்காமல், தோ பாயோவில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்துவிட்டார். அங்கே அவருக்கு எப்போதும் தோழி வேடம்தான். "தேவி, தேர் காத்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட வேண்டும். அந்த ஒரு வரியையே துணி காயப்போடும்போது விதவிதமாகச் சொல்லிப் பார்ப்பார். (எதிர் பிளாக்கில் இருந்தவர்களுக்கெல்லாம் தேர் காத்திருப்பது தெரியும்.)

அந்த வருடம் குழு ஒரு சரித்திர நாடகம் போட்டது. அத்தைக்கு முதன்முறையாக அரசி வேடம் கிடைத்தது. கோட்டையை இழந்த அரசி, அதை எரித்த எதிரி மன்னன் முன்னால் நின்று பேசுகிற நீளமான வசனம்தான் நாடகத்தின் உயிர். ஃபேரர் பார்க் பக்கத்தில் ஒரு மண்டபம் பிடித்திருந்தார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் மூன்றாவது வரிசை முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள்.

மற்ற நடிகர்களிடம் பழகிய பழைய மைக்குகள் இருந்தன. அரசிக்கு மட்டும் புதிதாக ஒரு கம்பியில்லா மைக்கை வாடகைக்கு எடுத்தார் இயக்குநர் அருள் சார். மைக்குகளைக் கவனிக்க வேண்டியவருக்குக் கடைசி நேரத்தில் காய்ச்சல். சார் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது ஒரு குரல் கேட்டது.

"நான் பாத்துக்கறேன் சார். ரொம்ப சிம்பிள் லா."

அது என் குரல்தான். அதுவரை நான் வைத்த ரசம், சுட்ட தோசை எதுவும் அத்தையிடம் எடுபட்டிருக்கவில்லை. மின்சாரத்தாலாவது அவர் மனதில் இடம் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரே மாதிரி இரண்டு பெல்ட்பேக்குகள். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். இடுப்பில் மாட்ட ஒரு கிளிப், எலிவால் மாதிரி ஓர் ஆன்டெனா, உளுந்து அளவு மைக்கோடு ஒரு மெல்லிய ஒயர். ஒன்று அரசிக்கு, இன்னொன்று ஸ்பேர். முதலாவதை மண்டபத்தின் பின்னால் இருந்த ரிசீவரோடு இணைத்தேன்; ஒலி மிக்ஸரில் அதற்கு ஒன்றாம் நம்பர். ஸ்பேரை இணைக்கவில்லை. எதற்கு வீண்வேலை?

பிறகு, வீடியோவில் காட்டியபடி நடந்து பார்க்கும் சோதனை. பெல்ட்பேக்கை என் ஜீன்ஸ் இடுப்பில் மாட்டி, குர்த்தியை மேலே இழுத்துவிட்டு, மைக்கைக் காலரில் குத்திக்கொண்டேன். மேடையின் மூலை முடுக்கெல்லாம் போய் "ஒன்னு, ரெண்டு, மூணு" சொன்னேன். பின்னால் மிக்ஸர் முன் உட்கார்ந்திருந்த என் கணவர் கதிர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஒத்திகையில் அவர் தப்பான நேரத்தில் எதிரி மன்னனின் ஒலியை இறக்கிவிட்டதால், அவருக்கு ஒரு கண்டிப்பான உத்தரவு போட்டேன்.

"அரசி மேடைக்கு வந்ததும் ஒன்னாம் நம்பரை ஏத்துங்க. அப்புறம் வானமே இடிஞ்சு விழுந்தாலும் அதைத் தொடக் கூடாது. சரியா?"

"சரிங்க மேடம்."

எங்கள் இல்லறத்தில் அவர் முழுமையாகக் கீழ்ப்படிந்த ஒரே உத்தரவு அதுதான்.

அதற்குள் ஒப்பனை அறையிலிருந்து கூப்பிட்டார்கள். அத்தைக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருந்தார் ஒப்பனைக்கார மேரி அக்கா. இந்த பெல்ட்பேக்கைக் கண்டுபிடித்தவருக்குப் புடவையைப் பற்றி எந்த ஞானமும் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. புடவைக்கு ஏது பெல்ட்? ஒட்டியாணத்தில் மாட்டினால் தகட்டில் ஆன்டெனா நசுங்கும். கடைசியில் பாவாடை நாடாவில் மாட்டி, ஒயரை முதுகுப் பக்கமாக ஏற்றி, மாலைக்குள் மைக்கை ஒளித்தோம். அதன் மேல் புடவை, அதன் மேல் ஒட்டியாணம், எல்லாவற்றுக்கும் மேல் அரை டஜன் சேஃப்டி பின். இனி அதை வெளியே எடுக்க வேண்டுமென்றால் அரசியை முழுசாகப் பிரிக்க வேண்டும்.

அத்தைக்கு நான் மாட்டியது மேசைமேல் இருந்த ஸ்பேர் என்பதை வாசகர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்குத்தான் தெரியவில்லை. அதில் பச்சை விளக்கு எரிந்ததே! (பச்சை விளக்கு எரிந்தால் பேட்டரி இருக்கிறது என்றுதான் அர்த்தம்; யாருக்காவது கேட்கிறது என்று அர்த்தமில்லை. அது மூன்றாவது வீடியோவின் பின்பாதியில் வருகிறதாம்.) "எதாச்சும் பேசுங்க அத்தை" என்றேன். என் முகத்துக்கு நேராக நின்று "வணக்கம், வணக்கம்" என்றார். "தெளிவா கேக்குது" என்று கதிர் மெசேஜ் அனுப்பினார். கேட்காமல் என்ன? என் காலரில் இருந்த மைக் அதை அழகாகப் பிடித்து அனுப்பியிருந்தது.

நாடகம் தொடங்கியது. அரசி மேடை ஏறினார். கதிர் கடமை தவறாமல் ஒன்றாம் நம்பரை ஏற்றினார்.

நான் ஒப்பனை அறைக் கதவைச் சாத்திவிட்டு மேரி அக்கா பக்கத்தில் நாற்காலியில் சரிந்தேன். ஏர்கானின் இரைச்சலில் வெளியே பேசுவது ஒன்றும் கேட்கவில்லை. அப்போது மண்டபத்தில் நடந்தது எனக்குப் பிறகு பலரால், பலமுறை, நடித்தே காட்டப்பட்டிருக்கிறது. அரசி சிம்மாசனத்தின் முன் நின்று, எரியும் கோட்டையைப் பார்த்து, நடுங்கும் உதடுகளைத் திறந்தார். ஸ்பீக்கர்களிலிருந்து வந்த குரல் இது:

"ஷ்ஷ்ப்பா... எனக்குப் பசி உயிர் போகுது லா. அக்கா, அந்தக் கறி பஃப் மிச்சம் இருக்கா?"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. கதவு வழியாக அந்தச் சிரிப்பு மட்டும் கேட்டது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அழுவுற சீன்ல ஏன் சிரிக்கிறாங்க? யாருக்காவது வேட்டி கழண்டுடுச்சா?"

சிரிப்பு இரண்டு மடங்கானது. மேடையில் எதிரி மன்னனாக நின்ற செல்வா அங்கிள் அனிச்சையாகத் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாராம்.

அதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் வேடிக்கையாகப் போயிருக்கும். ஆனால் நான் கறி பஃபைக் கடித்தபடி மனம்விட்டுப் பேச ஆரம்பித்தேன்.

"எனக்குப் பயமா இருக்குக்கா. அடுத்து அந்த நீள வசனம். அத்தைக்கு அது மட்டும் மனசுல நிக்கவே மாட்டேங்குது. பஸ்ல, கிச்சன்ல, எங்க சொல்லிப் பாத்தாலும் பாதியில விட்டுடறாங்க. நேத்து பாத்ரூம் உள்ள போய் அழுதாங்க, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு. பாவம்க்கா. இன்னைக்கு மட்டும் மறந்துட்டாங்கன்னா தாங்க மாட்டாங்க."

வெளியே சிரிப்பு சட்டென்று நின்றது. என் கைப்பேசி அதிர்ந்தது. கதிர்.

"உன் இடுப்பைப் பார்."

பார்த்தேன். பச்சை விளக்கு.

அந்த நொடியில் எனக்குள் என்ன நடந்தது என்பதை எழுதத் தமிழில் சொல் இருக்கிறதா என்று தெரியவில்லை. சுவிட்சை அணைத்தேன். அது இன்னும் மோசம். இப்போது அரசிக்குத் தப்பான குரல்கூட இல்லை. மேடையின் பக்கவாட்டுத் திரைக்கு ஓடினேன். அத்தை நடுமேடையில் நின்றார். ஊமையாகிப்போன ஒரு பெட்டியை இடுப்பில் சுமந்துகொண்டு, தான் மறந்துவிடுவோம் என்று மருமகள் ஊருக்கே அறிவித்த வசனத்தின் வாசலில் நின்றார். செல்வா அங்கிள் நல்ல மனிதர். தன் மார்பில் இருந்த மைக்கையாவது பகிர்ந்துகொள்ளலாமே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மெல்ல நெருங்கினார். கோட்டையை எரித்தவன் அப்படி வருவதைப் பார்த்து முன்வரிசை நெளிந்தது. அத்தை அவரை ஒற்றை விரலால் நிறுத்தினார்.

பிறகு திரும்பி, திரையோரம் கறி பஃபோடு நின்ற என்னைப் பார்த்தார். வசனத்தில் இல்லாத ஒரு வரியைச் சொன்னார்.

"திரைமறைவில் புலம்பும் பெண்ணே! கோட்டை இழந்தேன், கொடி இழந்தேன். சொல் இழந்தேன் என்று உனக்கு யார் சொன்னது?"

மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. அந்தக் குரல் கடைசி வரிசைக்குப் பின்னால் இருந்த கதவு வரை போனது. ரீசஸ் மணி அடித்ததும் பாய்ந்து வரும் பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே "மைலோ பெங் யாருக்கு?" என்று ஐஸ் போட்ட மைலோவை நீட்டியபடி அத்தனை வருடம் கேட்ட தொண்டை அது. அருள் சார் ஒத்திகையில் அதை அடக்கி அடக்கி வைத்திருந்தார். "மைக் இருக்கும்மா, மெதுவா பேசுங்க" என்பார். அன்று அடக்க யாரும் இல்லை.

எதிரி மன்னனை நோக்கி நடந்தபடி அத்தை நீள வசனத்தைத் தொடங்கினார். நான் மூச்சுவிடாமல் கூடவே வாயசைத்தேன். வழக்கமாக அவர் விட்டுவிடும் இடம் வந்தது. தாண்டிப் போனார். "என் கோட்டைக் கதவுகளை எரித்துவிட்டாய். என் குரலை எந்த நெருப்பால் எரிப்பாய்?" என்று கடைசி வரியில் கேட்டபோது செல்வா அங்கிள் நிஜமாகவே இரண்டடி பின்வாங்கினார். அது அவர் நடிப்பு இல்லை என்று இன்றும் ஒப்புக்கொள்கிறார்.

மூன்றாவது வரிசை முதலில் எழுந்தது. பிறகு எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். நான் அழுதுகொண்டே கைதட்ட முயன்றதில் கறி பஃப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானப்பட்டதும் இல்லை, அவ்வளவு பெருமைப்பட்டதும் இல்லை. இரண்டும் ஒரே சமயத்தில் வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நாடகம் முடிந்ததும் ஒப்பனை அறை மூலையில் ஒடுங்கி நின்றேன். அத்தை சேஃப்டி பின்களைக் கழற்றியபடி என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வா. சாப்பிட்டியா இல்லையா?"

"அத்தை, சாரி. உங்க விஷயத்தையெல்லாம் நான்..."

"பாத்ரூம்ல அழுததை ஊருக்கே சொல்லிட்ட. எனக்கு வந்த கோவத்துல வசனம் பூரா கடகடன்னு வந்துடுச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்காக ஒருத்தி உள்ள உக்காந்து இப்படிப் பயப்படறான்னு எனக்குத் தெரியாதும்மா."

அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் வந்து அருள் சாரின் கையைக் குலுக்கினார். அரசியின் துயரத்துக்கு நடுவே ஒரு சாதாரணப் பணிப்பெண்ணின் பசியை ஒலிக்கவிட்டது அருமையான புதுமை என்றார். சார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரொம்ப யோசிச்சு வச்சது ஐயா" என்றார். அத்தை உடனே என் தோளைப் பிடித்து அவர் முன்னால் தள்ளினார்.

"அந்தப் பொண்ணு இவதான். என் மருமக."

அதன் பிறகு அத்தை தோழி வேடம் போட்டதே இல்லை. மைக்கும் போட்டதில்லை. என் பெயர் வித்யா. ஆனால் எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படிக் கூப்பிடுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் நான் காய்கறிப் பக்கம் நின்றிருந்தேன். அந்தக் கோடியில் மீன் கடையிலிருந்து, அத்தனை சந்தடிக்கும் மேலே, தெளிவாக வந்தது:

"திரைமறைவில் புலம்பும் பெண்ணே! வஞ்சிரமா, வவ்வாலா?"

மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. நான் தலையை நிமிர்த்திக்கொண்டு, வெண்டைக்காய்ப் பையோடு அரசியை நோக்கி நடந்தேன்.