நமுனுகுலப் பாதையில் நான் தோண்டிய குழி

பெண் வீட்டுக்கு எதில் வேண்டுமானாலும் போகலாம். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகலாம், தேயிலைக் கொழுந்து லொறியில் சாக்கோடு சாக்காகப் போகலாம், நடந்தே கூடப் போகலாம். சைக்கிளில் மட்டும் போகக்கூடாது. பட்டுத் தெளிந்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்போது நான் பதுளையில் ஒரு பாடசாலையில் கணித ஆசிரியர். வெளிநாட்டுக்காரர்கள் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் வீடியோக்களைப் போனில் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தக் கிறுக்குப் பிடித்திருந்தது. கியர் வைத்த சைக்கிள், தலைக்கவசம், இரண்டு பக்கமும் தொங்கும் பைகள் என்று எல்லாம் வாங்கி, லீவு நாட்களில் பழைய மரப்பாலம், பாழடைந்த கல்மண்டபம், வெள்ளைக்காரத் துரைமாரின் கல்லறை என்று ஊவா மாகாணம் முழுக்கச் சுற்றினேன். (சுற்றினேன் என்பது பெருமைக்கு. ஏற்றம் வந்த இடமெல்லாம் தள்ளினேன். ஊவாவில் ஏற்றம் இல்லாத இடம் ஒன்று இருந்தால் எனக்கும் காட்டுங்கள்.)

இந்த நேரத்தில்தான் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தர்ஷினியைப் பெண் பார்த்தோம். எனக்குப் பிடித்தது. அவளுக்கும் பிடித்தது. அவளுடைய அப்பாவுக்கு மட்டும் என்னைப் பார்த்ததும் மூக்கு வியர்த்துவிட்டது. அவர் தோட்ட ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கொழுந்து நிறுக்கிற தராசையே நம்பாதவர், மாப்பிள்ளையையா நம்புவார்?

“மாஸ்டருக்கு நல்ல சம்பளம், நல்ல வேல. அப்புறம் ஏன் பைசிக்கிள்ல போறாரு?” என்று தரகரைக் குடைந்திருக்கிறார். “லைசன்ஸ பறிச்சிட்டாங்களா? இல்ல, எங்கயாச்சும் கடன்ல மாட்டி பைக்க வித்துட்டாரா?”

ஆள் வைத்து என் பாடசாலையில் விசாரித்தார், நான் தேநீர் குடிக்கும் கடையில் விசாரித்தார், மருந்து வாங்கும் இடத்தில்கூட விசாரித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காததே அவருக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. கடைசியில், “ஞாயித்துக்கெழம வரச் சொல்லுங்க. நேர்ல பேசி முடிவு சொல்றேன்” என்று சொல்லியனுப்பினார்.

யாராவது புத்தியுள்ளவன் அன்றைக்கு வாடகை வான் பிடித்துப் போயிருப்பான். நான் சைக்கிளிலேயே போய் இறங்கி, என் உடல்வலுவைக் காட்டி அவர் வாயை அடைக்கலாம் என்று நினைத்தேன்.

புறப்படும்போது அம்மா சைக்கிளை மறித்தார். சக்கரம் உள்ளதெல்லாம் தேயிலை பெக்டரியைக் காக்கும் ரோதமுனிக்குச் சொந்தம் என்பது அம்மாவின் நம்பிக்கை. இரண்டு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகு, மிச்சப் பழங்களையும் ஒரு தேங்காய், கற்பூரம், மஞ்சள்தூள், சுருட்டு எல்லாவற்றையும் பைக்குள் திணித்தார்.

“அவங்க தோட்டத்து பெக்டரிகிட்ட முனி கல்லு இருக்கும். கும்புட்டுட்டு அப்புறமா வீட்டுக்குப் போ. சேவல் ஒண்ணும் தர்றேன், பின்னால கட்டிக்கிறியா?”

“ஐயோ, விடுங்கம்மா!”

(அந்தச் சேவலை மட்டும் ஏற்றியிருந்தால் இதை எந்த இடத்திலிருந்து எழுதிக்கொண்டிருப்பேனோ.)

அடுத்த பையில், போனதும் மாற்றிக்கொள்ள வெள்ளை வேட்டி. பழைய இடங்களுக்கெல்லாம் சிவப்புப் பேனாவால் புள்ளடி போட்ட வரைபடம். அப்புறம் ஒரு சின்ன மண்வெட்டி. அது எதற்கென்று சங்கடத்தோடு சொல்கிறேன். அந்த வீடியோக்களில் வரும் வெள்ளைக்காரர்கள் காட்டுப் பாதையில் வயிறு கலக்கினால் ஒதுங்கிப் போய்க் குழி தோண்டி, காரியத்தை முடித்து, மூடிவிட்டு வருவார்கள். அவர்கள் செய்தால் நானும் செய்ய வேண்டாமா?

பாதி வழியில், வயலைத் தாண்டி ஒரு பற்றைக்காட்டுக்குள் நாலைந்து பழைய கற்தூண்கள் நிற்பது என் வரைபடத்தில் இருந்தது. நேரம் இருக்கிறதே என்று இறங்கிப் போய்ப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காலையில் பதற்றத்தில் வாரிப்போட்ட இடியப்பமும் சம்பலும் வயிற்றுக்குள் வழக்காடத் தொடங்கின. சைக்கிளைத் தூணில் சாத்திவிட்டு மண்வெட்டியோடு ஓடினேன். தூண்களுக்குப் பக்கத்தில் அசிங்கம் பண்ணக்கூடாது என்று நல்ல பிள்ளையாக அப்பால் ஒரு மரத்தடிக்குப் போய்த் தோண்ட ஆரம்பித்தேன்.

நாலு கொத்துத்தான் கொத்தியிருப்பேன். பின்னாலிருந்து ஒரு அலறல். விறகு பொறுக்க வந்த பெண்ணொருத்தி கையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் வயலில் நின்றவர்கள் எல்லாம் என்னைச் சுற்றி நின்றார்கள். போன மாதம்தான் யாரோ அங்கே பூசை போட்டு, புதையல் தேடிக் கிண்டிவிட்டுப் போயிருந்தார்களாம்.

“நான் டீச்சர்” என்றேன் சிங்களத்தில். ஒருவர் என் பையைத் திறந்தார். எலுமிச்சம்பழம் வந்தது. கூட்டம் “ஆ!” என்றது. தேங்காய் வந்தது, கற்பூரம் வந்தது, மஞ்சள் வந்தது, சுருட்டு வந்தது. வெள்ளை வேட்டி வந்ததும் ஒரு கிழவர் கன்னத்தில் கைவைத்துவிட்டார். வரைபடத்தை விரித்ததும், அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன்.

ஆனால் எனக்கு அப்போது பொலிஸைவிட பெரிய கிளாக்கரின் முகம்தான் கண்முன்னால் வந்தது. போச்சுடா, கல்யாணம் போச்சு!

என்னையும் சைக்கிளையும் உழவு மெஷினில் ஏற்றிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த சார்ஜன் பொறுமையான மனிதர். எங்கே போகிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் பாவம், நல்லது செய்வதாக நினைத்து, போன் நம்பரை வாங்கிப் பெரிய கிளாக்கரையே கூப்பிட்டுவிட்டார்.

அவர் த்ரீவீலில் வந்து இறங்கினார். முழங்காலுக்கு மேலே ஏறி நின்ற என் இறுக்கமான கால்சட்டையைப் பார்த்தார். மேசைமேல் பரப்பியிருந்த சாமான்களைப் பார்த்தார். பிறகு சார்ஜனிடம் நல்ல சிங்களத்தில், தேங்காயும் பழமும் சுருட்டும் ரோதமுனி பூசைக்கு என்றும், எங்கள் தோட்டங்களில் இது வழக்கம் என்றும் விளங்கப்படுத்தினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“சரி, இது?” என்று சார்ஜன் மண்வெட்டியைத் தூக்கினார்.

பெரிய கிளாக்கர் என் பக்கம் திரும்பினார். “சொல்லுங்க மாஸ்டர்.”

எப்படிச் சொல்வது? இன்றைக்கோ நாளைக்கோ மாமனார் ஆகப்போகிறவர் முன்னால், உங்கள் மகளைக் கேட்டு வரும் வழியில் இதற்காகத்தான் தோண்டினேன் என்று எந்த மானமுள்ளவன் சொல்வான்? கடைசியில் எழுந்துபோய் சார்ஜனின் காதுக்குள் உண்மையை ஊதினேன்.

சார்ஜன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குடித்த தேநீர் மேசையெல்லாம் தெறிக்கச் சிரித்தார். உள்ளே போய் மேலதிகாரியிடம் சொல்ல, அங்கேயும் சிரிப்பு வெடித்தது. தூணடியில் எதுவும் சேதமில்லை என்று ஆளனுப்பி உறுதிப்படுத்திக்கொண்டு, என் முதுகில் தட்டி அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் பெரிய கிளாக்கர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“காதுல என்ன சொன்னீங்க?”

“அது... ஒண்ணுமில்லீங்க ஐயா.”

“ம்ம்” என்றார். அவ்வளவுதான். என்னை வீட்டுக்குக்கூடக் கூப்பிடவில்லை.

மறுபடி பதுளைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு தரகர் ஓடிவந்து, “பெரிய கிளாக்கர் சரின்னுட்டாரு! நாள் பாக்கச் சொல்றாரு!” என்றார். என் நேர்மை அவர் மனதைத் தொட்டுவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மடையன்!

கல்யாணத்துக்குப் பிறகுதான் தர்ஷினி உண்மையை உடைத்தாள்.

“அப்பா என்ன சொன்னாரு தெரியுமாங்க? ‘கையும் களவுமா புடிபட்டவன், சார்ஜன் காதுல ரெண்டு வார்த்த சொன்னான், சிரிச்சிக்கிட்டே விட்டுட்டாங்க. பங்கு பேசாம இது நடக்குமா? பெரிய பொருளா மாட்டியிருக்கு. பையன் கெட்டிக்காரன், பொண்ண குடுக்கலாம்’னாரு.”

மண்வெட்டியின் ரகசியத்தை அவளிடம் சொன்னேன். அவள் சிரித்து உருண்டு, தங்கைகளுக்கும் சொல்லிவிட்டாள். இன்றைக்கும் மாமனார் வீட்டில் காலையில் நான் பின்பக்கம் போக எழுந்தால், “அத்தான் புதையல் எடுக்கப் போறாரு, வழி விடுங்க!” என்று குசினியில் சமைக்கும் மச்சினிகளிடமிருந்து குரல் வரும்.

மாமா மட்டும் அந்தச் சிரிப்பில் சேரமாட்டார். நாங்கள் ஒரு குளிர்சாதனப்பெட்டி வாங்கினாலும் சரி, வீட்டுக்குக் கூரை மாற்றினாலும் சரி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “கொஞ்சம் கொஞ்சமா எடுக்குறீங்க போல” என்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, போன தீபாவளிக்கு அவரைத் தனியே உட்கார வைத்தேன். மானம் போனால் போகிறது என்று, இடியப்பம் முதல் குழி வரை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தேன்.

முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து என் தோளில் கைவைத்தார்.

“பிரமாதம் மாப்புள. கேக்குறவனுக்கே கூச்சமாயிரும், மேற்கொண்டு தோண்டிக் கேக்க மாட்டான். யாரு கேட்டாலும் இதையே சொல்லுங்க.”