இடப்பக்கம் திரும்பாத கார்

எருமப்பட்டி,
விகாரி வருஷம் ஐப்பசி மாதம் 2ந் தேதி

பனமரத்துப்பட்டி பெரிய மச்சான் நாச்சிமுத்து அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் தங்கை கண்ணாத்தாளைக் கட்டிய மணியன் அநேக வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் தங்கை, உங்கள் மருமகள் கந்தம்மாள், கறவை மாடு இரண்டு, எல்லோரும் சௌக்கியம். உங்கள் காரும் சௌக்கியம்தான். ஆனால் அதன் சௌக்கியத்தை ஒரு வரியில் சொல்லி முடிக்க முடியாது என்பதால்தான் இந்த நீளக் கடிதம். காபி குடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

காரைக் கொடுக்கும்போது நீங்கள் சொன்னது என் காதிலேயே இருக்கிறது. "பெட்ரோல் ஊத்துங்க, தண்ணி ஊத்துங்க, வேற எதையும் தொடாதீங்க மாப்ளே" என்றீர்கள். நானும் தொடுவதாக இல்லை. ஆனால் ஏற்காட்டுத் துரையிடமிருந்து நீங்கள் வாங்கிய அந்த முப்பத்தெட்டாம் வருஷத்து வண்டியில் ஸ்டீயரிங்கை அரைச் சுற்றுச் சுற்றிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போகிறது. அதில் யாரை ஏற்றப் போகிறோம்? கந்தம்மாளைப் பெண் பார்க்க வருகிற திருச்செங்கோட்டுக் கடலை வியாபாரி சின்னுசாமியின் சம்சாரம் குப்பாயி அம்மாளை. மகனுக்கு ஒன்பது இடத்தில் பெண் பார்த்து ஒன்பதையும் வேண்டாம் என்ற அம்மாள். ஒரு வீட்டில் மோர் புளிப்பாம், இன்னொரு வீட்டில் பெண்ணின் அப்பா கொட்டாவி விட்டாராம். நம் கந்தம்மாளுக்கு இதற்கு முன் வந்த இரண்டு வரனும் தட்டிப் போனது உங்களுக்குத் தெரியும். வரன் என்ற பேச்சு எடுத்தாலே பாத்திரம் கழுவப் பின்கட்டுக்குப் போய்விடுகிறாள். பெற்றவனால் அதைப் பார்க்க முடியவில்லை மச்சான். அதனால்தான் நாமக்கல் லாரிப் பட்டறையிலிருந்து மெக்கானிக் சூசைமாணிக்கத்தைக் கூட்டி வந்தேன்.

அவன் கெட்டிக்காரன். ஹாரன் குமிழைக் கழற்றினான், நட்டைக் கழற்றினான், ஸ்டீயரிங் வட்டத்தை இழுத்தான், தண்டைச் சுற்றியிருந்த குழாயை உருவினான், அடியில் இருக்கிற பெட்டியையும், பெட்டிக்குக் கீழே சக்கரத்தைத் தள்ளுகிற டிராப்பாரம் என்கிற கையையும் கழற்றி எல்லாவற்றையும் சாக்கின் மேல் வரிசையாக வைத்தான். தண்டில் ஒரு கோடு, வட்டத்தில் ஒரு கோடு, அந்தக் கையில் ஒரு கோடு, அது மாட்டுகிற பல்லில் ஒரு கோடு என்று சாக்கட்டியால் போட்டுவிட்டு, "கோடும் கோடும் நேருக்கு நேர் நிக்கணுங்க. ரெண்டு பல்லு தள்ளுனாலும் வண்டி உங்க பேச்சைக் கேக்காது" என்றான். தேய்ந்த புஷ் என்கிற உறைக்குப் புதுசு வாங்கச் சேலம் போனான். அங்கே அவன் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம், இருந்துவிட்டான். புஷ் மட்டும் பஸ் கண்டக்டர் கையில் வந்தது. கூடவே திங்கட்கிழமை கழித்து வருகிறேன் என்று ஒரு சீட்டு. பெண் பார்க்க வருவதோ அந்தத் திங்கட்கிழமை, விஜயதசமியன்று.

இதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. நான் தோட்டத்துக் கிணற்றடியில் ஆயில் இஞ்சினுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது, உங்கள் தங்கை வீட்டில் அரிவாள்மணை, உலக்கை, படி இவற்றோடு உங்கள் காரின் சாமான்களையும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, திருநீறு பூசி, ஒவ்வொன்றுக்கும் மூன்று பொட்டு வைத்து, பூவும் சாத்திவிட்டாள். இருபத்தோரு வருஷத்தில் அந்தச் சாமான்கள் அவ்வளவு அழகாக இருந்திருக்காது. கோடு எங்கே என்று பார்த்தேன். இல்லை. சரி, கோட்டின் மேல்தானே பொட்டு வைத்திருப்பாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பத்து வருஷமாக ஆயில் இஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறவனுக்கு இது ஒரு வேலையா என்று ஸ்பேனரை எடுத்து, பெரிய பொட்டுக்குப் பெரிய பொட்டு நேராக வைத்து எல்லாவற்றையும் பூட்டினேன். ஒரு வளையம் மிஞ்சியது. அதை உங்கள் தங்கை விளக்குத் திரி போட வைத்துக்கொண்டாள்.

மறுநாள் வாசலில் இருந்து வலப்பக்கம் திரும்பி நாமக்கல் போய்ச் சேரும் வரை ஒரு குறையும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் சின்னுசாமியை முன்னால் ஏற்றி, குப்பாயி அம்மாளையும் மாப்பிள்ளைப் பையனையும் பின்னால் ஏற்றி, வலப்பக்கமாகவே வட்டமடித்துத் திரும்பினேன். ஊர் தாண்டி ஒரு இடப்பக்க வளைவு வந்தது பாருங்கள், ஸ்டீயரிங் பாதியில் நின்றுவிட்டது. முக்கினேன், முனகினேன், அசையவில்லை. பின்னால் எடுத்து முன்னால் எடுத்து இரண்டு தவணையில் அந்த வளைவைக் கடந்தேன். இஞ்சின் சூடு என்று ஏதோ உளறினேன். சின்னுசாமி ஸ்டீயரிங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டி வாங்கி எத்தனை வருஷமுங்க என்று மட்டும் கேட்டார். கடலை வியாபாரிக்கு இதெல்லாம் என்ன தெரியப் போகிறது என்று தைரியமாக இருந்தேன்.

நம் தெருவுக்கு ரோட்டிலிருந்து இடப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பினால் கால்வாய்தான். வேறு வழியில்லாமல் நேரே போய், மாரியம்மன் கோயிலைத் தாண்டி வலப்பக்கம் ஒடித்து, மறுபடி வலப்பக்கம், மறுபடி வலப்பக்கம் என்று கோயிலைச் சுற்றி வந்தால் நம் தெரு நேர் எதிரே நிற்கிறது. ஆனால் குறுக்கே வைக்கோல் வண்டி. நிறுத்தினால் கிளம்பாதோ என்ற பயத்தில் இன்னொரு சுற்று வந்தேன். இந்தத் தடவை பஸ். மூன்றாவது சுற்றில்தான் வழி கிடைத்து வீட்டு வாசலில் நிறுத்தினேன். சட்டை நனைந்து முதுகில் ஒட்டிவிட்டது. பத்தாவது பெண்ணையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், என் மகள் வாழ்க்கையை நானே ஸ்பேனரால் கழற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், குப்பாயி அம்மாள் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"பொண்ணு பாக்க வந்தவங்களை ஆத்தாளை மூணு சுத்துச் சுத்த வெச்சு ஊட்டுக்குக் கூட்டிட்டு வாரீங்களே, இப்படி ஒரு சம்பந்தி எனக்கு எங்கீங்க கெடைப்பாங்க? எனக்கு மனசு நெறஞ்சு போச்சுங்க" என்றார்கள்.

வலமாகச் சுற்றினால் பிரதட்சணம்தானே மச்சான். நான் காரின் கதவை மட்டும் திறந்துவிட்டேன். உள்ளே போய்க் கந்தம்மாளைப் பார்த்தார்கள், பூ வைத்தார்கள், மோரை இரண்டு டம்ளர் கேட்டுக் குடித்தார்கள். தை பிறந்ததும் கல்யாணம். கந்தம்மாள் அன்று பின்கட்டுக்குப் போகவே இல்லை, ஜன்னலோரம் நின்று பையனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்களைக் கொண்டுபோய் விட்டு வந்ததும் உங்கள் தங்கையிடம், பொட்டைக் கோட்டின் மேல்தானே வைத்தாய் என்று கேட்டேன். "கோடா? வெள்ளையா அழுக்கு இருந்துச்சுங்க, தேச்சு உட்டுட்டேன். பொட்டு, பாக்க லட்சணமா எங்க இருந்துச்சோ அங்க வெச்சேன்" என்றாள்.

இப்போது என் மனசு உறுத்துகிறது. பக்தியே இல்லாமல் பக்திமான் பட்டம் வாங்கிவிட்டேன். சம்பந்தியிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நீங்கள்தான் யோசனை சொல்ல வேண்டும். சூசைமாணிக்கம் வெள்ளிக்கிழமை வந்து எல்லாவற்றையும் பிரித்துச் சரியாகப் பூட்டித் தருவான். ஞாயிற்றுக்கிழமை கார் உங்கள் வாசலில் நிற்கும். இனி இந்த ஜென்மத்தில் நான் ஸ்பேனரைத் தொட மாட்டேன். அக்காவுக்கு என் கும்பிடு, குழந்தைகள் தலையில் என் பேரால் ஒரு தடவை கை வைத்து விடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
மணியன்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். கடிதத்தை ஒட்டுகிற நேரத்தில் சின்னுசாமியிடமிருந்து ஒரு கவர் வந்தது. அதில் எழுதியிருப்பது: "சம்பந்தி, கடலை வியாபாரத்துக்கு முன்னால் நான் பதினோரு வருஷம் லாரி ஓட்டினவன். உங்கள் டிராப்பாரம் பல் தள்ளி மாட்டியிருக்கிறது என்று முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. நீங்கள் கோயிலைச் சுற்றிய சுற்றில் என் மகனுக்கு வழி பிறந்தது. கல்யாண ஊர்வலமும் இதே காரில்தான், அதே மூன்று சுற்றுத்தான் என்று என் சம்சாரம் சொல்லிவிட்டாள். என்னிடம் சொன்னது போல அவளிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள், தாலி கட்டும் வரை வண்டியில் யாரும் கை வைக்கவும் வேண்டாம்." நான் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை மச்சான், என் முகமே சொல்லியிருக்கிறது. சூசைமாணிக்கத்தை வர வேண்டாம் என்று எழுதிவிட்டேன். கார் தை மாதம் வரை இங்கேதான். தாய்மாமன் நீங்கள் பஸ்ஸில் வாருங்கள். ஊர்வலத்தில் நீங்கள்தான் ஓட்ட வேண்டும்.