கீரி பூங்காவனம் நெட்டை வரவழைத்த கதை

ஒரு காட்டில் விண்ணப்பம் போட்டால்தான் குளத்தில் இறங்கலாம் என்று சட்டம் வந்திருந்தது. விண்ணப்பம் ஏற்ற இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதைப் பார்த்துக்கொண்டவள் கீரி பூங்காவனம். கடைசி நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு நெட் போய்விட்டது. ஐந்து மணியோடு விண்ணப்பம் மூடிவிடும்.

வரிசையில் முதலில் நின்றவள் ஆமை செல்லாயி. நாலு நாள் நடந்து வந்தவள்.

"ஏம்மா பூங்காவனம், நான் வீட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள குளமே வத்திடுமே!" என்று கண் கலங்கினாள்.

கடைசியில் நின்ற காட்டுப்பன்றி காத்தமுத்து உறுமினார். "பொட்டியை ஒரு தட்டு தட்டட்டுமா?"

"வேண்டாம்ணே. போன தடவை தட்டினதுல பிரிண்டர் போச்சு."

பூங்காவனம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். திரையின் மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி. நெட்டைக் கொடுக்கும் ரவுட்டர் பெட்டியோடு இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் கட்டளையைத் தட்டினாள். நாலு செய்தி போனது, ஒன்றுகூடத் திரும்பவில்லை. மேஜைக்கு அடியில் குனிந்தாள். கம்ப்யூட்டரின் முதுகில், ஒயர் செருகும் இடத்தில் எரிய வேண்டிய குட்டி விளக்கு அணைந்திருந்தது. ஒயர் தரையில் கிடந்தது. சற்று முன் பெருக்கும்போது அவளே பிடுங்கிப் போட்டது!

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். காத்தமுத்துவின் கோரைப்பல் கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

"சிக்கலான கேஸ்தான்," என்று பெருமூச்சு விட்டாள். "நெட்வொர்க் கார்டுக்கும் ரவுட்டருக்கும் பேச்சு நின்னுபோச்சு. எல்லாரும் மூணடி தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார்கள். பத்து நிமிடம் கீபோர்டில் சடசடவென்று என்னத்தையோ தட்டினாள். தட்டிக்கொண்டே வாலால் ஒயரைச் செருகினாள். விளக்கு பச்சையாகக் கண் சிமிட்டியது. மறுபடி நாலு செய்தி அனுப்பினாள். நாலும் திரும்பி வந்தன.

"ராசியாயிட்டாங்க!" என்று கூவினாள்.

காடே கைதட்டியது. செல்லாயியின் விண்ணப்பம் உடனே ஏறியது. காத்தமுத்துவுடையது ஏறும்போது மணி நாலு ஐம்பத்தெட்டு.

"படிச்ச பிள்ளைன்னா சும்மாவா!" என்று அவர் ஒரு கூடைக் கிழங்கு தோண்டிவந்து கொடுத்தார். முதல் கிழங்கைக் கடிக்கும்போது பூங்காவனத்துக்குக் கொஞ்சம் உறுத்தியது. இரண்டாவது கிழங்கு நல்ல ருசி.

நீதி: ஒயர் கழன்றிருக்கிறது என்று உடனே சொல்பவர் கவனக்குறைவானவர், பத்து நிமிடம் பெருமூச்சு விட்டுச் செருகுபவர் நிபுணர்.